மேஜைமேல் ஒரு நந்தி ஹால்ட்

"பையனுக்கு ஸ்கூல் ப்ராஜெக்டா சார்?"

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் ஒரு பன்னிரண்டு வோல்ட் அடாப்டரும், ஒரு டி.பி.டி.டி. சுவிட்சும், சிவப்பிலும் கறுப்பிலும் ஐந்தைந்து மீட்டர் ஒயரும் கேட்டபோது கடைக்காரர் கேட்ட கேள்வி இது. "இல்லைங்க, எனக்குத்தான்" என்றேன். நிமிர்ந்து பார்த்தார். தலையில் நரை, கையில் துணிப்பை. "என்ன செய்யப் போறீங்க?" "ரயில் விடப் போறேன்." ஒயரை அளந்துகொண்டிருந்த கை ஒரு நொடி நின்றது. அப்புறம் ஒன்றும் பேசாமல் இன்னும் அரை மீட்டர் தாராளமாக விட்டு வெட்டினார்.

மாடல் ரயிலில் இறங்குகிற எவரும் இந்தக் கேள்விக்குப் பழகிக்கொள்ள வேண்டும். ஐரோப்பாவில் அறுபது வயதுக்காரர் தன் வீட்டு மாடியில் ரயில் விட்டால் யாரும் புருவம் உயர்த்துவதில்லை. பாடகர் ராட் ஸ்டூவர்ட் இருபது ஆண்டுகளுக்கு மேல் செலவழித்து ஓர் அமெரிக்க நகரத்தையே தன் வீட்டுக்குள் கட்டியிருக்கிறார். நம் ஊரில் மட்டும் ரயில் என்றால் பையனுக்கு.

உண்மையில் இந்தக் கலைக்கு நாம் அந்நியர்கள் இல்லை. நவராத்திரி வந்தால் கொலுப்படிக்குப் பக்கத்தில் 'பார்க்' கட்டுகிறோமே, அது என்ன? எங்கள் காக்ஸ் டவுன் வீட்டில் பத்து நாளைக்கு முன்பே அம்மா தட்டில் ஈரமண் பரப்பிக் கடுகு தூவிவிடுவாள். கொலு வைக்கும் நாளில் அது விரற்கடை உயரப் புல்லாக நிற்கும். முகம் பார்க்கும் கண்ணாடியைப் படுக்கப்போட்டு விளிம்பை மண்ணால் மூடினால் குளம். குளத்தில் பிளாஸ்டிக் வாத்து, கரையில் மண் பொம்மைச் செட்டியார் கடை, அதை விடச் சின்னதாக ஒரு யானை. கடைசியாக, எல்லாம் முடிந்த பிறகு, அப்பா பரணிலிருந்து சாவி கொடுக்கும் தகர ரயிலை இறக்குவார். வட்டத் தண்டவாளம் குளத்தைச் சுற்றி வரும்.

இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். முதலில் ஊர், அப்புறம்தான் ரயில். மாடல் ரயிலில் புதிதாகச் சேர்கிறவர்களில் பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்து மாட்டிக்கொள்கிறார்கள். நானும் அப்படித்தான் மாட்டிக்கொண்டேன்.

முதல் ஆசை, முதல் கோளாறு

பெங்களூருத் தமிழனுக்கு முதல் ஆசை எதுவாக இருக்கும்? பிருந்தாவன் எக்ஸ்பிரஸ். 1964-இல் ஓடத் தொடங்கிய வண்டி. எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் பெங்களூரு ஈஸ்ட் ஸ்டேஷன். நிற்காமல் கடந்து போகும் வண்டிகளின் பெட்டிகளை எண்ணுவதுதான் எங்கள் சாயங்கால விளையாட்டு. அந்த நீளத்தை மேஜைமேல் பார்த்துவிட வேண்டும் என்று நினைத்தேன்.

கணக்குப் போட்டபோது தலை சுற்றியது. பெரம்பூர் ஐ.சி.எஃப். பெட்டி ஒன்று, இணைப்புகளையும் சேர்த்து ஏறக்குறைய 22.3 மீட்டர். இருபத்து நான்கு பெட்டியும் ஓர் எஞ்ஜினும் சேர்ந்தால் ஐந்நூற்று ஐம்பது மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். இதை 87-இல் ஒரு பங்காகச் சுருக்கினால் ஏறக்குறைய ஆறரை மீட்டர். 160-இல் ஒரு பங்காகச் சுருக்கினாலும் மூன்றரை மீட்டர். வண்டி மட்டுமே இவ்வளவு. அது திரும்ப வளைவு வேண்டும், நிற்கப் பிளாட்பாரம் வேண்டும். இரண்டு படுக்கையறை வாடகை வீட்டில் இருக்கிறவன் ஒரு சுவரை இடித்தால்தான் பிருந்தாவன் உள்ளே வரும்.

ஏழெட்டுப் பெட்டியோடு நிறுத்திக்கொண்டு மனசைத் தேற்றிக்கொள்கிறவர்கள் உண்டு. தப்பில்லை. ஆனால் தொடக்கக்காரருக்கு நான் சொல்வது வேறு. வண்டியை மறந்துவிடுங்கள். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த, சின்னதான, ஒரு பார்வையில் அடங்குகிற ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒரு கேட், ஒரு ஹால்ட், ஒரு கூட்ஸ் சைடிங், ஏன், ஒரு மெட்ரோ தூண் வரிசைகூடப் போதும். எந்த வண்டி, எந்த அளவு, எவ்வளவு செலவு என்பதையெல்லாம் அந்த இடமே சொல்லிவிடும். சொல்லும் விதம் விசித்திரமானது. அதற்குக் கொஞ்சம் கணக்குத் தெரிய வேண்டும்.

ஒன்பது மில்லிமீட்டர் அதிர்ஷ்டம்

உலகத்தில் அதிகம் புழங்கும் அளவுகள் இரண்டு. ஒன்று எச்ஓ. 'ஓ' என்ற பழைய பெரிய அளவில் பாதி என்பதால் அந்தப் பெயர். நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு, தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர். இன்னொன்று என். தண்டவாளங்களுக்கு நடுவே ஒன்பது மில்லிமீட்டர், அந்த ஒன்பதின் முதலெழுத்துதான் 'என்'. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 160-இல் ஒரு பங்கு, ஜப்பானில் பெரும்பாலும் 150-இல் ஒரு பங்கு. இவற்றுக்கும் கீழே இசட் உண்டு, ஜெர்மனியின் மெர்க்லின் நிறுவனம் 1972-இல் கொண்டுவந்தது, 220-இல் ஒரு பங்கு. எஞ்ஜின் சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும். கண்ணாடி போட்டவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

மெர்க்லின் என்றதும் ஒரு விஷயம். பொம்மை ரயில் அதற்கு முன்பும் இருந்தது. ஆனால் 1891-இல் லைப்சிக் சந்தையில் இவர்கள் கொண்டுவந்து வைத்தது வெறும் ரயில் இல்லை. இன்னின்ன அகலத்தில்தான் தண்டவாளம் என்று ஒரு தர அளவை வைத்து, இன்று ஒரு வட்டம் வாங்கினால் அடுத்த வருஷம் ஒரு கிளைப்பாதை வாங்கி அதோடு சேர்க்கலாம் என்ற ஏற்பாட்டையும் சேர்த்துக் கொண்டுவந்தார்கள். இந்தப் பொழுதுபோக்கு ஒரு தடவை பிடித்துக்கொண்டால் விடாததற்கு அந்த வியாபாரப் புத்திதான் மூலகாரணம்.

இப்போது நம் ஊர்க் கணக்குக்கு வருவோம். எச்ஓவின் 16.5-ஐ 87-ஆல் பெருக்கினால் 1,435 மில்லிமீட்டர். அது ஐரோப்பாவின் ஸ்டாண்டர்டு கேஜ். நம் அகலப்பாதையோ 1,676. அதாவது எச்ஓ தண்டவாளத்தில் நம் பெட்டியை ஏற்றினால், உடம்பு பெரிதாகவும் கால் ஒட்டியும் நிற்கும். சரியாக இருக்க வேண்டுமானால் 19.3 மில்லிமீட்டர் அகலத்தில் தண்டவாளத்தை நாமே போட வேண்டும், ஒவ்வொரு சக்கரத்தையும் அச்சில் நகர்த்த வேண்டும். இந்தியாவில் அகலப்பாதை மாடல் செய்கிறவர்களில் பெரும்பாலோர் இந்த மூன்று மில்லிமீட்டரைக் கண்டும் காணாமல் விட்டுவிடுகிறார்கள். பக்கவாட்டில் இருந்து பார்த்தால் தெரியாது. எஞ்ஜின் நேராக உங்களை நோக்கி வரும்போது மட்டும் ஏதோ இடறும்.

ஆனால் பெங்களூருக்காரருக்கு இரண்டு அதிர்ஷ்டங்கள் உண்டு. சென்னையில் இருப்பவருக்கு இதில் ஒன்றுதான்.

முதலாவது, நம்ம மெட்ரோ. 2011 அக்டோபர் 20-ஆம் தேதி பையப்பனஹள்ளியிலிருந்து எம்.ஜி. ரோடு வரை முதலில் ஓடியதே, அது ஸ்டாண்டர்டு கேஜ். கடையில் வாங்கும் எச்ஓ, என் தண்டவாளங்கள் அதற்கு அப்படியே பொருந்தும். இன்னும் ஒரு சௌகரியம், மேலே மின்கம்பி கிடையாது. தண்டவாளத்துக்குப் பக்கத்தில் ஓடும் மூன்றாவது தண்டவாளத்தில் 750 வோல்ட். மாடல் கட்டுகிறவனுக்கு இது எத்தனை பெரிய வரம் என்று மெல்லிய பித்தளைக் கம்பியில் மின்கம்பி பற்றவைத்துப் பார்த்தவர்களைக் கேளுங்கள். ஒரு பிளாஸ்டிக் பட்டையை ஒட்டினால் மூன்றாவது தண்டவாளம் ஆயிற்று. ஆரம்பத்தில் ஓடிய மூன்று பெட்டி வண்டியை 160-இல் ஒரு பங்காக்கினால் நாற்பது சென்டிமீட்டர்தான், புத்தக அலமாரித் தட்டிலேயே நிற்கும். தூண்மேல் ஓடும் இரட்டைப் பாதையை ஜப்பானின் கேட்டோ நிறுவனம் தூணோடு சேர்த்தே விற்கிறது. பெட்டியைப் பிரித்ததும் ஓட்டும்படியான நம்ம மெட்ரோ வண்டியை மட்டும் நான் எந்தக் கடையிலும் பார்த்ததில்லை. அதற்கு மாற்றாக, ஜப்பானியப் புறநகர் மின்ரயில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். வெள்ளி உடம்பு, பெட்டி ஏறக்குறைய அதே நீளம். ஊதாப் பட்டை ஒட்டிவிட்டால் இந்திரா நகர்க்காரர் யாரும் சண்டைக்கு வர மாட்டார்.

இரண்டாவது அதிர்ஷ்டம்தான் என்னைப் பிடித்தது. எலஹங்காவிலிருந்து தேவனஹள்ளி, நந்தி ஹால்ட் வழியாகச் சிக்கபள்ளாப்பூர் போகும் பாதை. இன்று அது அகலப்பாதை. 1910-களில் போடப்பட்டபோது அது இரண்டரை அடிக் குறுகிய பாதை, 762 மில்லிமீட்டர். அதை 87-ஆல் வகுத்துப் பாருங்கள், 8.76 வருகிறது. என் அளவுத் தண்டவாளமோ ஒன்பது. கால் மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இல்லை!

ஆகவே வண்டியின் உடம்பும் ஸ்டேஷனும் ஆட்களும் 87-இல் ஒரு பங்கு, கண்ணுக்கு வசதியான அளவு. தண்டவாளமும் எஞ்ஜினின் அடிப்பகுதியும் என் அளவில், சின்ன மேஜையில் திரும்பக்கூடியவை. உலகத்தில் இதற்கு எச்ஓஇ என்று பெயர். ஆஸ்திரியாவின் மலைப்பாதைகள் 760 மில்லிமீட்டர் அகலம், சில்லர் பள்ளத்தாக்கு ரயிலும் அப்படித்தான். அவற்றுக்காக ரோக்கோ, லிலிபுட் போன்ற நிறுவனங்கள் செய்யும் வண்டிகள் நம் சிக்கபள்ளாப்பூர் பாதைக்கு அச்சாகப் பொருந்தும். ஆல்ப்ஸ் மலைக்கும் நந்தி மலைக்கும் இரண்டு மில்லிமீட்டர்தான் தூரம்.

நீலகிரி மலைரயிலைத் தேர்ந்தெடுக்கலாமே என்று கேட்பீர்கள். அது மீட்டர் கேஜ், 87-இல் ஒரு பங்கில் பன்னிரண்டு மில்லிமீட்டர் தண்டவாளம் ஏறக்குறைய சரியாக வரும். ஆனால் நடுவே ஓடும் பல்சட்டத்தை எப்படிச் செய்வீர்கள்? ஐந்து வருஷம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

பர்ஸைத் திறக்கும் முன்

இப்போதுதான் கடைக்குப் போகலாம். கடை என்றாலும் பெரும்பாலும் வெளிநாட்டுக் கடைதான். இங்கே ஒரு கசப்பான விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். நீங்கள் ஐம்பது வயதில் ஆசையாக வாங்கும் எஞ்ஜினும் சுங்கத் துறையின் கணக்கில் பொம்மைதான். பொம்மை இறக்குமதிக்கு 20 சதவீதமாக இருந்த சுங்கவரி 2020-இல் 60 ஆகி, 2023-இல் 70 ஆனது. உள்நாட்டுப் பொம்மைத் தொழிலுக்கு நல்லதுதான், சன்னபட்டணத்து மரப்பொம்மைக்காரர்கள் பிழைக்கட்டும். ஆனால் சன்னபட்டணத்தில் யாரும் 87-இல் ஒரு பங்கு நீராவி எஞ்ஜின் கடைவதில்லையே! வெளிநாட்டு விலையைப் பார்த்து மகிழ்ந்துவிட்டு அப்புறம் வரிச்சீட்டைப் பார்த்து மயங்குவதை விட, விலையை முதலிலேயே இரட்டிப்பாக்கி யோசிப்பது மேல்.

ஆகவே முதல் வாங்கலில் கஞ்சத்தனம் வேண்டும். ஓர் எஞ்ஜின், இரண்டு மூன்று பெட்டி, ஒரு நீள்வட்டத்துக்கான தண்டவாளம், பாதை பிரியும் இடத்துக்கு ஒரே ஒரு பாயிண்ட்ஸ். அவ்வளவுதான். தண்டவாளத்தில் மட்டும் சிக்கனம் கூடாது. மலிவான எஞ்ஜினை நல்ல தண்டவாளம் காப்பாற்றும், நல்ல எஞ்ஜினையும் மட்டமான தண்டவாளம் கவிழ்த்துவிடும். ஜல்லி அடித்தளத்தோடு சேர்ந்து, 'கிளிக்' என்று மாட்டிக்கொள்ளும் ரகம் தொடக்கக்காரருக்கு நல்லது. தப்பாகப் போட்டால் கழற்றி மறுபடி போடலாம். வாடகை வீட்டுக்காரருக்கு அது இன்னும் நல்லது.

இந்திய எஞ்ஜின்தான் வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டால், அதற்கும் வழி இருக்கிறது. ஒவ்வொரு தலைமுறையும் பார்த்த டபிள்யூ.டி.எம்.-2 டீசல் எஞ்ஜின் அடிப்படையில் அமெரிக்காவின் ஆல்கோ வடிவமைப்பு. 1962-இல் அங்கிருந்து வந்தது, 1964 முதல் வாராணசியில் கட்டினார்கள். ஆகவே ஆல்கோ எஞ்ஜின் மாடல்களின் அடிப்பகுதியை வாங்கி, மேலே நம் எஞ்ஜினின் கூட்டை 3டி பிரிண்ட் எடுத்து மூடுகிறார்கள். பெங்களூரில் 3டி பிரிண்ட் எடுப்பது ஜெராக்ஸ் எடுப்பது போலத்தான். ஆனால் இதெல்லாம் இரண்டாம் வருஷத்துப் பாடம்.

எம்-சாண்டும் டீ வடிகட்டியும்

நான்குக்கு இரண்டடி ஒட்டுப்பலகை. என் முதல் 'ஊர்' அவ்வளவுதான். என் அளவுத் தண்டவாளத்தின் சிறிய வளைவு 249 மில்லிமீட்டர் ஆரம், முழுவட்டம் அரை மீட்டருக்குச் சற்று அதிகம். இரண்டடிக்குள் அழகாக அடங்கும். இதையே எச்ஓவில் போட்டால் பதினெட்டு அங்குல ஆரம், நான்கடி அகலப் பலகை வேண்டும். நான்கடிப் பலகையைச் சுவர் ஓரம் போட்டுவிட்டு அந்தக் கோடியில் கவிழ்ந்த பெட்டியை எடுக்கக் கை நீட்டிப் பாருங்கள், புரியும்.

தண்டவாளம் போடும் முன் முழு அளவில் காகிதத்தில் வரையுங்கள். பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கம் போதும். தரையில் விரித்து, பெட்டிகளை வரிசையாக வைத்து, பிளாட்பாரம் எவ்வளவு நீளம் வரும், சைடிங்கில் எத்தனை வாகன் நிற்கும் என்று கையால் நகர்த்திப் பார்க்க வேண்டும். நான் ஒரு வாரம் தரையில் தவழ்ந்தேன். வீட்டில் வேலைக்கு வரும் அக்கா மட்டும் தாளைச் சுற்றிக் கவனமாகப் பெருக்கிவிட்டுப் போவார்.

மின்சாரம் பயப்படுகிற அளவுக்கு இல்லை. இரண்டு தண்டவாளத்திலும் நேர்மின்சாரம், அதிகபட்சம் பன்னிரண்டு வோல்ட். ஒரு தண்டவாளத்திலிருந்து சக்கரம் வழியாக ஏறி, மோட்டாரைச் சுற்றி, அடுத்த தண்டவாளத்தில் இறங்குகிறது. வோல்ட்டைக் கூட்டினால் வேகம், துருவத்தை மாற்றினால் வண்டி பின்னால் வரும். எஸ்.பி. ரோட்டில் நான் வாங்கிய அந்த டி.பி.டி.டி. சுவிட்ச் இதற்குத்தான். கண்ட்ரோலர் வந்து சேரும்வரை பொறுமை இல்லாவிட்டால், சதுரமான ஒன்பது வோல்ட் பாட்டரியின் இரு முனைகளையும் இரு தண்டவாளங்களில் தொடும்படி வைத்துப் பாருங்கள். எஞ்ஜின் நகரும். அந்த முதல் நகர்வில் ஒரு மணம் வரும், எண்ணெயும் மோட்டார் சூடும் கலந்த மணம். அதற்கப்புறம் திரும்பிப் போக முடியாது.

நான் செய்த முதல் பெரிய முட்டாள்தனமும் மின்சாரத்தில்தான். வண்டி போன பாதையிலேயே திரும்பி வரட்டும் என்று ஒரு பாயிண்ட்ஸிலிருந்து கிளம்பி வளைந்து அதே பாயிண்ட்ஸில் வந்து சேரும் சுற்று ஒன்று போட்டேன். காகிதத்தில் அழகாக இருந்தது. சுவிட்சைப் போட்டதும் அடாப்டரில் பச்சை விளக்கு அணைந்தது. மூன்று நாள் ஒயரைப் பிரித்துப் பிரித்து மாட்டினேன். அப்புறம்தான் விரலை இடது தண்டவாளத்தில் வைத்து அந்தச் சுற்றை ஒருமுறை தடவிக்கொண்டே போனேன். திரும்பி வந்தபோது விரல் வலது தண்டவாளத்தில் நின்றது. கூட்டலும் கழித்தலும் நேருக்கு நேர் முட்டிக்கொண்டிருந்தன. வரைபடத்தின்மேல் விரல் வைத்துப் பார்த்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

பெங்களூரின் தனிப்பட்ட எதிரி தூசி. எந்தத் தெருவில் பார்த்தாலும் ஏதாவது ஒன்றை இடித்துக் கட்டிக்கொண்டே இருக்கிறார்கள். இரண்டு நாள் மூடாமல் விட்டால் எஞ்ஜின் விக்கி விக்கி ஓடும், வளைவில் நின்றுவிடும். புதியவர்கள் மோட்டார் போய்விட்டது என்று பதறுவார்கள். ஐசோபுரொபைல் ஆல்கஹாலை வெள்ளைத் துணியில் நனைத்துத் தண்டவாளத்தின் தலையை ஒருமுறை துடையுங்கள், துணியில் கரிக்கோடு விழும். அந்தக் கோடு விழுகிற வரை மோட்டாரைத் திறக்கவே கூடாது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் கீறலில் அடுத்த வாரமே இன்னும் அதிகமாக அழுக்கு சேரும்.

பகைவனிடமே உதவியும் உண்டு. அதே கட்டட வேலைக்காரர்கள் தெருவோரம் குவித்து வைத்திருக்கும் எம்-சாண்ட். ஜல்லிக்கு வெளிநாட்டில் பாக்கெட் போட்டு விற்கிறார்கள். எம்-சாண்ட் என்பது கருங்கல்லை உடைத்த தூள், நிஜ ரயில்பாதையில் கிடக்கும் ஜல்லியின் தம்பி. மேஸ்திரியிடம் கேட்டு ஒரு தூக்குவாளி வாங்கி வந்தேன். முதலில் மாவுச் சல்லடை, அப்புறம் டீ வடிகட்டி. வடிகட்டியில் தங்குவது ஜல்லி, கீழே விழுவது பிளாட்பாரத்துக்கும் மண்சாலைக்கும். இரண்டு தடவை கழுவிக் காய வைத்து, காகிதத்தில் பரப்பி, அதன்மேல் ஒரு காந்தத்தை ஓட்டுங்கள். மறக்கவே கூடாத வேலை இது. காந்தத்தில் மெல்லிய கறுப்பு மீசை முளைக்கும், இரும்புத்தூள். அது ஜல்லியோடு போனால் எஞ்ஜினின் மோட்டார் இழுத்து உள்ளே வைத்துக்கொள்ளும்.

ஜல்லியைத் தண்டவாளத்துக்கு நடுவே கொட்டி, பழைய வண்ணத்தூரிகையால் ஸ்லீப்பர்கட்டையின் மேல் ஒரு மணிகூட இல்லாமல் தள்ள வேண்டும். பிறகு ஸ்பிரேயில் தண்ணீர், அதில் இரண்டு சொட்டுப் பாத்திரம் தேய்க்கும் திரவம். அது இல்லாவிட்டால் தண்ணீர் உருண்டு உருண்டு ஓடி ஜல்லியைக் கலைத்துவிடும். ஈரம் ஏறிய பின் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த ஃபெவிகால், ஊசி இல்லாத சிரிஞ்சில், சொட்டுச் சொட்டாக. பாயிண்ட்ஸின் நகரும் நாக்குக்குப் பக்கத்தில் மட்டும் சிரிஞ்சைக் கொண்டுபோகவே வேண்டாம். ஒரு சொட்டு போதும், பாயிண்ட்ஸ் ஆயுளுக்கும் ஒரே பக்கம்தான். மாலையில் வெள்ளையாக, பால் கொட்டியதுபோல அசிங்கமாக இருக்கும். அழுதுவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் பாலெல்லாம் மறைந்து, கல்லெல்லாம் உறைந்து, உங்கள் வீட்டில் ஒரு ரயில்பாதை இருக்கும்.

மற்றதெல்லாம் கொலு பார்க் அனுபவம்தான். சிக்கபள்ளாப்பூர் செம்மண்ணைச் சலித்துத் தூவினால் நிறம் தானாக வந்துவிடும், அந்தச் சிவப்பை எந்தப் பெயிண்ட் கம்பெனியும் செய்ததில்லை. தேங்காய் நாரைக் கத்தரித்து நட்டால் காய்ந்த புல். பச்சை ஸ்க்ரப்பரைக் கிழித்துக் கம்பியில் சுற்றினால் திராட்சைத் தோட்டம். ஆட்கள்தான் கொஞ்சம் சிரமம். ஜெர்மனியின் ப்ரைசர் நிறுவனம் செய்யும் இரண்டு சென்டிமீட்டர் மனிதர்கள் உலகத் தரம், ஆனால் எல்லோரும் கோட்டும் தொப்பியும் போட்டவர்கள். டிஷ்யூ பேப்பரை மெல்லிய பட்டையாக வெட்டி ஃபெவிகால் தண்ணீரில் நனைத்து இடுப்பில் சுற்றினால் வேட்டி. பெண்களுக்குத் தோள்வழியே ஒரு சுற்று அதிகம். ஒரு பவேரிய அம்மாளுக்குப் புடவை கட்டிவிட்டு, கையிலிருந்த பெட்டியைச் செதுக்கி, தலையில் பூக்கூடை ஏற்றினேன். இப்போது பிளாட்பாரத்தில் மல்லிகை விற்கிறாள்.

ஐ.டி. ஊரின் பழைய சொந்தம்

பெங்களூரில் இதைப் பற்றிப் பேசினால் அடுத்த நிமிடம் யாராவது "ஆட்டோமேட் பண்ணலாமே" என்பார்கள். பண்ணலாம். ஒவ்வொரு எஞ்ஜினுக்குள்ளும் ஒரு சில்லை வைத்து, ஒரே தண்டவாளத்தில் இரண்டு வண்டியைத் தனித்தனியாக ஓட்டும் டி.சி.சி. முறை இருக்கிறது. ஆர்டுயினோ பலகையில் இலவச மென்பொருளை ஏற்றி அந்தக் கட்டுப்பாட்டு நிலையத்தை நாமே செய்துகொள்ளவும் முடியும். தொடக்கக்காரர் முதல் ஆறு மாதம் அந்தப் பக்கம் போக வேண்டாம் என்பது என் கட்சி. ஓர் எஞ்ஜினை மெல்ல நகர்த்தி, இடிக்காமல் பெட்டியோடு சேர்க்கும் ஷண்டிங் வேலை கைக்கு வர வேண்டும். அது வராமல் மென்பொருள் எழுதினால் வேகமாகக் கவிழும், அவ்வளவுதான்.

ஆனால் இந்தச் சொந்தம் பழசு. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1946-இல் மாணவர்கள் ஒரு மாடல் ரயில் கிளப் தொடங்கினார்கள். மேலே மலையும் மரமும் செய்கிறவர்கள் ஒரு கூட்டம், பலகைக்கு அடியில் படுத்துத் தொலைபேசி ரிலேக்களால் சிக்னல் பின்னுகிறவர்கள் இன்னொரு கூட்டம். அந்த அடிப்பலகைக் கூட்டம்தான் பின்னால் கம்ப்யூட்டர் அறைக்குள் நுழைந்தது. 'ஹேக்' என்ற சொல்லை இன்று நாம் புழங்கும் பொருளில் முதலில் புழங்கியவர்களில் அவர்கள் இருந்தார்கள். ஒயிட்ஃபீல்டில் உட்கார்ந்து மென்பொருள் எழுதுகிறவர் மாலையில் ரயில் விட்டால் அது பூர்வீக வீட்டுக்குப் போவது போல.

பெரிதாகச் செய்து முடித்ததை நேரில் பார்க்க வேண்டுமானால் புனே போக வேண்டும். கோத்ருடில் ஜோஷி மினியேச்சர் ரயில்வே மியூசியம் 1998 ஏப்ரலில் திறக்கப்பட்டது. பி.எஸ். ஜோஷி என்ற தனிமனிதரின் பல்லாண்டு ஆசை, எச்ஓ அளவில் ஒரு முழு நகரம். பக்கத்தில் மைசூருவில் 1979-இல் தொடங்கிய ரயில் மியூசியம் இருக்கிறது. அங்கே உள்ளவை மாடல்கள் அல்ல, நிஜ எஞ்ஜின்கள். மாடல் கட்டுகிறவர்களுக்கு அதுதான் அகராதி. ரிவெட் எங்கே இருக்கிறது, படிக்கட்டு எத்தனை என்று குனிந்து பார்க்கலாம், யாரும் விரட்ட மாட்டார்கள்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இன்னொரு யோசனை, டி-டிராக். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜப்பானில் பிறந்த முறை. ஓர் அடி அகலப் பெட்டி ஒன்றின்மேல் உங்கள் காட்சி, ஓரத்தில் இரட்டைத் தண்டவாளம். எல்லோருக்கும் ஒரே அளவு என்பதால் பத்துப் பேர் பத்துப் பெட்டியை ஒரு ஹாலில் கொண்டுவந்து சேர்த்தால் நீண்ட பாதை ஆகிவிடும். மாலையில் அவரவர் பெட்டியை ஆட்டோவில் வைத்து வீட்டுக்கு எடுத்துப் போகலாம். ஒரு பெட்டியில் அலசூர் ஏரி, அடுத்ததில் கே.ஆர். புரம் தொங்கு பாலம், அதற்கடுத்ததில் யாரோ ஒருவரின் சொந்த ஊர் வயல். அடுக்குமாடிச் சங்கங்களின் கிளப் ஹவுஸ்கள் வருஷத்தில் முக்கால்வாசி நாள் காலியாகத்தானே கிடக்கின்றன?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நந்தி ஹால்ட்டுக்குப் போனேன். பலகையில் தண்டவாளம் முடிந்துவிட்டது, சைடிங் முடிந்துவிட்டது, ஸ்டேஷன் கட்டடம் மட்டும் அட்டையில் நின்றது. ஓட்டுக்கூரையின் சரிவும் கதவின் உயரமும் போட்டோவில் பிடிபடவில்லை. அளவு நாடாவை எடுத்துக்கொண்டு வராந்தாவின் ஓரத்தைப் பிடித்து அளந்து நோட்டில் குறித்துக்கொண்டிருந்தேன். நந்தி மலைப் பக்கமிருந்து மேகம் இறங்கித் தூறல் பிடித்தது. ஒதுங்க வந்த வயசான கேங்மேன் ஒருவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நாடாவின் மறுமுனையை ஆணி இல்லாமல் நான் பிடிக்கத் திண்டாடியதைப் பார்த்து, தானே வந்து தூணோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"வீடு கட்டுறீங்களா?" என்று கன்னடத்தில் கேட்டார்.

"ஸ்டேஷன்."

"இதே மாதிரியா?"

"இதேதான்."

"எவ்வளவு பெருசு?"

நான் ஒரு சாண் காட்டினேன். அவர் என் கையையும் கட்டடத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "பின்பக்கம் வாங்க" என்றார். "அந்தப் பக்கத்துச் சுவரை எல்லாரும் விட்டுடுவாங்க."